லஸ்கர் ஆண்ட ஏழாற்று நாடு

வேண்டியவன், வேண்டாதவன் என்று பார்க்காமல், முறை தவறாமல், கடைசி ஆள் வரைக்கும் தண்ணீர் விட்ட மனிதர் இந்தக் காவிரிப் பாசனத்தில் இதுவரை ஒருவர்தான் பிறந்திருக்கிறார். அவர் எங்கள் லஸ்கர். அந்தத் தண்ணீரில் ஒரு நாற்றுகூட நனைந்ததில்லை என்பது வேறு விஷயம். அது கம்ப்யூட்டருக்குள் ஓடிய தண்ணீர்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். வாய்க்கால் தலைப்பில் இருக்கும் இரும்பு ஷட்டரை ஏற்றி இறக்குகிற பாசன இலாகா ஊழியருக்குத்தான் எங்கள் பக்கத்தில் லஸ்கர் என்று பெயர். கலெக்டரைத் தெரியாத விவசாயி உண்டு, லஸ்கரைத் தெரியாத விவசாயி கிடையாது. திட்டுவதற்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற ஒரே அரசாங்கம் அவர்தானே! எங்கள் லஸ்கருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். பத்து வருஷப் பழக்கத்தில் அதைக் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அப்போது நான் கூத்தாநல்லூரில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். ஆறு கம்ப்யூட்டர், ஒரு ஏசி. ஊரில் பாதி ஆம்பிளைகள் குவைத்திலும் சிங்கப்பூரிலும் இருந்ததால் கடை ஏதோ ஓடியது. அந்த வருஷம் மேட்டூர் திறக்கவில்லை. தண்ணீரே வராத ஷட்டருக்கு லஸ்கர் எதற்கு? ஆனாலும் டூட்டி உண்டு. டூட்டிக்குப் போய் ஷட்டர் பக்கம் நின்றால், போகிறவன் வருகிறவன் எல்லாம் அணையை மூடிவைத்ததே இவர்தான் என்பதுபோலப் பேசுவான். ஒருநாள் பொறுக்க முடியாமல் காக்கிச் சட்டையோடு நேராக என் கடைக்குள் வந்துவிட்டார்.

"பாய், ஏசி ஓடுதா?"

"ஓடுதுண்ணே. என்ன பாக்கணும்?"

"ஒண்ணும் பாக்க வேணாம். உக்காரணும்."

உட்கார்ந்தார். சும்மா உட்கார்ந்திருக்கலாம். என் கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தார். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

நான் அப்போது 'ஏழாற்று நாடு' என்ற இணையக் குழுமத்தில் இருந்தேன். முப்பது பேர். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. ஒரு மாயாஜால நாட்டைக் கற்பனை செய்துகொண்டு ஆளுக்கொரு பாத்திரமாக அதில் வாழ்வோம். ராஜா பேசுவதை ராஜாவாக இருப்பவர் எழுதுவார். டிராகன் எதை எரித்தது என்பதை டிராகனாக இருப்பவர் எழுதுவார். அத்தனை பேரும் எழுதுவது சேர்ந்து ஒரே கதையாக வளரும். நான் போய்ச் சேர்ந்த நேரத்தில் ராஜா, தளபதி, மந்திரவாதி எல்லாப் பதவியும் தீர்ந்துவிட்டது. நெஞ்சு வரைக்கும் தாடியை வைத்துக்கொண்டு நான் இளவரசியாக இருந்தேன்.

லஸ்கர் நாட்டின் வரைபடத்தைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"யாரு பாய் இந்த ஆத்தை வரைஞ்சது? பள்ளத்துலேருந்து மேட்டைப் பாத்துப் போவுது?"

"இது மாயாஜால நாடுண்ணே."

"மாயாஜாலம்னா? தண்ணிக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு?"

ஆற்றின் வாட்டத்தைச் சரிசெய்வதற்காக மட்டும் உள்ளே வந்தவர், அன்றைக்கே 'நீர்ப்பூதம்' என்று பெயர் பதிவு செய்துகொண்டார். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டுவார். ஒரு வாக்கியம் முடிவதற்குள் எனக்கு டீ ஆறிவிடும். மூன்றே மாதத்தில், குழுமத்தை ஆரம்பித்த சிங்கப்பூர்ப் பையனுக்குக் கல்யாணம் ஆயிற்று. 'நாட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள் சார்' என்று அதிகாரம் முழுவதையும் லஸ்கரிடம் கொடுத்துவிட்டுப் போனவன் போனவன்தான்.

அதிகாரம் கைக்கு வந்ததும் மனுஷன் செய்த முதல் காரியம், நாட்டுக்கு முறைப்பாசனம் கொண்டுவந்தது. முப்பது பேரைத் தலைமடை, நடுமடை, கடைமடை என்று மூன்றாகப் பிரித்தார். ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு நாள். அந்த இரண்டு நாளில் அந்தப் பகுதிக்காரர்கள் மட்டும்தான் கதை எழுதலாம். முறை தாண்டி யாராவது ஒரு வரி எழுதிவிட்டால், 'மடை உடைத்தது கண்டு பதிவு நீக்கப்பட்டது' என்று அறிவிப்பு வரும். ஒரு ராட்சசன், அவசரத்தில் முறை தவறி ராஜகுமாரனை விழுங்கிவிட்டான். லஸ்கர் அவனை நான்கு நாள் வாயைத் திறந்தபடியே நிறுத்தி வைத்தார்.

குத்தாலத்தில் ஒரு கணக்கு டீச்சர். அவர்தான் எங்கள் நாட்டின் டிராகன். டிராகன் ஒருநாள் ஏரியில் தண்ணீர் குடித்ததாக எழுதிவிட்டார். லஸ்கர் விடவில்லை. 'டீச்சர், இது குடிதண்ணியா, பாசனமா?' என்று கேட்டார்.

'சார், அது வயித்துல நெருப்பு உள்ள ஜந்து. எரியுது, அதான் குடிக்குது' என்று டீச்சர் எழுதினார்.

'அப்ப அது தீயணைப்பு. தனியா மனு போடுங்க.'

என்னையும் விட்டுவைக்கவில்லை. கடையில் ஜனம் நிறைந்திருக்கும்போது அங்கிருந்தே குரல் கொடுப்பார்: "இளவரசி பாய், மதகுக்குள்ள இறங்கிக் குளிக்காதீங்க, சுழல் இருக்கு!" வீட்டுக்காரரோடு பேச வந்த பெண்கள் எல்லாம் என் தாடியைத் திரும்பிப் பார்ப்பார்கள். மானம் போயிற்று.

சிரித்தோமே தவிர, நாடு அவரால் நன்றாகத்தான் இருந்தது. முன்பெல்லாம் வாயுள்ள நாலு பேர்தான் கதையை இழுத்துக்கொண்டு போவார்கள். முறை வந்த பிறகு, கடைமடையில் கிடந்த பயந்தாங்கொள்ளிகளும் எழுதினார்கள். லஸ்கர் போட்ட பன்னிரண்டு சட்டங்களில் நான்காவதுதான் எல்லாருக்கும் பிடித்தது: ஒருவருடைய பாத்திரத்துக்கும் அவருடைய மண்ணுக்கும் என்ன நேர்கிறது என்பதை அவர் மட்டுமே எழுதலாம். அடுத்தவன் வயலில் நீ கைவைக்காதே என்பதுதான் அது. நிஜத்தில் ஒரு ஷட்டரைக்கூடத் தன் மனசுப்படி ஏற்றி இறக்க முடியாத மனிதர், இந்த ஒரு நாட்டை ஒழுங்காக வைத்திருந்தார். இது உடைந்தால் லஸ்கரும் உடைந்துவிடுவார் என்று எனக்குப் பயமாகவே இருக்கும்.

உடைத்தவர் கல்மலை ராசா. ஏழாகப் பிரிகிற அந்த ஆறு பிறக்கும் மலை அவருடையது. ஒருநாள் அவர் முறை வந்ததும் இரண்டே வரி எழுதினார்: 'ஆற்றின் குறுக்கே அணை கட்டி முடித்துவிட்டேன். இன்று முதல் கீழே ஒரு சொட்டும் இறங்காது.'

கீழே இருந்தவர்கள் அசரவில்லை. நான்காம் சட்டத்தைக் கையில் எடுத்தார்கள். அணை அவர் மண்ணில், கட்டிக்கொள்ளட்டும். ஆனால் என் வயல் காய்ந்தது என்று அவர் எழுத முடியாதே! டீச்சர் அந்த வாரமே அறுவடை செய்தார். டிராகன் நெல் மூட்டை மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. சொட்டுத் தண்ணீர் இல்லாமல் நாடு முழுவதும் முப்போகம் விளைந்தது. 'தண்ணீர் இல்லாமலே விளையும் என்றால் ஆறு எதற்கு, நான் எதற்கு?' என்று ராசா கத்தினார். 'சட்டம் சட்டம்தான்' என்றார்கள் இவர்கள். சட்டத்துக்கு இரண்டு அர்த்தம், நாட்டுக்கு இரண்டு கட்சி. லஸ்கருக்குச் சோறு இறங்கவில்லை.

"ரெண்டு பேர் சொல்றதும் சரியாத்தானே பாய் இருக்கு? நான் யாரைப் போய் அதட்டுவேன்?"

நடுவர் மன்றம் கூட்டினார். நடுவர் அவர், குமாஸ்தா நான். ராசாவுக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு என்பதால் விசாரணை வெள்ளிக்கிழமை காலையில். எல்லாரும் அரட்டை அறையில் கூடினோம். லஸ்கர் தட்டினார்: 'ராசா, ஏன் அணை கட்டுனீங்க? கீழ உள்ளவங்க உங்களுக்கு என்ன செஞ்சாங்க?'

ராசாவின் பதில் வந்தது.

'அண்ணே, நான் குவைத்துல டிரைவர். ஊரு முத்துப்பேட்டை பக்கம். மூணு ஏக்கர் இருந்துச்சு, கடைமடை. எங்கப்பா வருஷா வருஷம் வாய்க்கால் கரையிலேயே நின்னு பாப்பாரு. கடைசியா வெதச்ச வருஷம், எங்க முறை அன்னைக்கு மேல ஷட்டரைத் தொறந்து யாரோ தண்ணிய இழுத்துக்கிட்டாங்க. பயிரு கருகிருச்சு. எறா பண்ணைக்காரங்களுக்கு வித்துட்டோம். இப்ப அது உப்புக் குட்டை. ஒரு தடவையாவது மேல உக்காந்து பாக்கணும்னு தோணுச்சு. வேற ஒண்ணும் இல்லண்ணே.'

லஸ்கர், 'எந்த வாய்க்கால்?' என்று கேட்டார். ராசா பேரைச் சொன்னார். லஸ்கர் எழுந்து வெளியே போய்விட்டார்.

எதிர் டீக்கடை ஓரத்தில் நின்றிருந்தார். கையில் டீ அப்படியே இருந்தது.

"என்னண்ணே?"

"அந்த வாய்க்காலுக்கு மேல் ஷட்டர் அப்ப எங்கிட்டதான் பாய் இருந்துச்சு. ரெண்டு வண்டியில கரைவேட்டிங்க வந்தாங்க. எந்தக் கரைன்னு கேக்காதீங்க, ஆட்சிக்கு ஆட்சி கரைதான் மாறுது. 'சாவியக் குடுய்யா'ன்னாங்க. குடுத்துட்டேன்."

"நீங்க என்னண்ணே பண்ணியிருக்க முடியும்?"

"சாவி தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிருக்கலாம்ல? அதுகூட எனக்குத் தோணல பாய்."

மறுநாள் தீர்ப்பு வந்தது. 'முப்பது வருட சர்வீஸில், தண்ணீர் இல்லாமல் விளைந்த நெல்லை நான் பார்த்ததில்லை. அவரவர் வயல் காய்ந்ததை அவரவரே எழுதிவிட வேண்டும்.' இது சட்டமா, மனசாட்சியா என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. நாட்டுக்குப் புரிந்துவிட்டது. டீச்சர் கடைசியாக எழுதினார்: 'சார், நான் தினமும் பஸ்ஸில் போகும்போது காய்ந்த வயலைத்தான் பார்க்கிறேன். இங்கேயும் வந்து அதையே எழுதச் சொல்கிறீர்களே!'

ஒரே வாரத்தில் இருபத்தேழு பேர் போய்விட்டார்கள். 'மழைநாடு' என்று தனிக் குழுமம் தொடங்கினார்கள். அங்கே ஆறே கிடையாது. நினைத்தால் மழை. யாரும் யாருக்கும் மேலே இல்லை, கீழே இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் அங்கே ஒரு எட்டுப் போய்ப் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தார்கள். எனக்குத்தான் பொருந்தவில்லை.

"டீச்சர் சொல்றதுல நியாயம் இருக்குண்ணே" என்றேன்.

"இருக்கு. நான் சொல்றதுலயும் இருக்கு. நாடு போச்சு" என்றார் லஸ்கர்.

மிஞ்சியது மூன்று பேர்: ஒரு பூதம், ஒரு இளவரசி, மலைமேல் ஒரு ராசா. லஸ்கர் அதற்குப் பிறகும் தினமும் வந்தார். நாலு நாள் கழித்து ராசாவுக்கு எழுதினார். ஒளிக்காமல், சுற்றி வளைக்காமல் எழுதினார்: 'தம்பி, அன்னைக்கு அந்த ஷட்டர் சாவி எங்கிட்டதான் இருந்துச்சு. நான்தான் குடுத்தேன்.'

பதில் வரவில்லை. ஒரு வெள்ளி போயிற்று. அடுத்த வெள்ளியும் போயிற்று. லஸ்கர் இளைத்துவிட்டார். காக்கிச் சட்டை தோளில் தொங்கியது. இந்தப் பாழாய்ப்போன விளையாட்டை இவருக்குக் காட்டிக்கொடுத்த என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. மூன்றாவது வெள்ளியன்று வந்தது:

'அப்ப நீங்களே தொறந்து விடுங்கண்ணே. எனக்கு மலை வேணாம். கடைமடையில மூணு ஏக்கர் குடுங்க.'

உடனே திறந்திருப்பார் என்று நினைப்பீர்கள். அவர் லஸ்கர் அல்லவா! ராசாவை மனுப் போடச் சொன்னார். பிறகு, 'ஆட்சேபம் உள்ளவர்கள் ஏழு நாளுக்குள் தெரிவிக்கலாம்' என்று ஆளில்லாத நாட்டில் அறிவிப்பு ஒட்டினார். ஏழு நாளும் யாராவது ஆட்சேபிக்க வருவார்களா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். சண்டை போடவாவது ஒரு ஆள் வரக்கூடாதா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கெடு முடிந்த வெள்ளிக்கிழமை காலையில் கடை திறக்கும்போதே வாசலில் நின்றிருந்தார். ஜும்மாவுக்குக் கடையைச் சாத்தும் நேரம் வந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. கடைச் சாவியை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனேன். தொழுது முடித்துத் திரும்பி வந்தபோதும் ஒற்றை விரல் தட்டிக்கொண்டே இருந்தது.

மலை அணையிலிருந்து தண்ணீரை ஒவ்வொரு ஷட்டராக இறக்கிக்கொண்டு வந்திருந்தார். எத்தனை சுற்றுச் சுற்றினார், பல்சக்கரம் எங்கே பிடித்தது, எந்த மதகில் ஆகாயத்தாமரை அடைத்தது, எல்லாம் எழுதியிருந்தார். விட்டுவிட்டுப் போனவர்களின் வயல் ஓரமாகவும் தண்ணீர் போனது. உள்ளே பாய்ந்தது என்று ஓரிடத்திலும் எழுதவில்லை. நான்காம் சட்டம். டீச்சர் வயலில் தண்ணீர் பாய்ந்ததை டீச்சர்தான் வந்து எழுத வேண்டும். அப்படியே ஒதுங்கி ஒதுங்கி, கடைமடை வரைக்கும் கொண்டுவந்து நிறுத்திவிட்டுக் கையை எடுத்தார்.

இரண்டு பேரும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். குவைத்திலிருந்து ஒரு வரி வந்தது.

'வந்துருச்சுண்ணே. வரப்பு முட்ட நிக்குது.'

லஸ்கர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை முனையில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"நெசத்துல விட்டுருக்கலாம் பாய்" என்றார்.

"வாங்கண்ணே, வீட்டுல சாப்பாடு ஆயிருக்கும், சாப்பிடுவோம்" என்று கையைப் பிடித்து எழுப்பினேன். கம்ப்யூட்டரை அணைக்கப் போனவனைத் தடுத்துவிட்டார்.

"இருக்கட்டும் பாய். ஓடட்டும்."

அணைக்கவில்லை. அந்தச் சென்டரை நடத்திய காலம் வரைக்கும், கடை நிறைய ஆள் காத்திருந்தாலும், அந்த ஒரு நாற்காலியில் மட்டும் நான் வேறு யாரையும் உட்கார விட்டதில்லை.