தாச்சிக்கு ஒரு பங்கு

ஒரு கோழிக்கு எத்தனை கால் என்று உங்களிடம் கேட்டால் இரண்டு என்பீர்கள். சம்மாட்டியிடம் கேட்டால், "தாச்சி ஆருடையது?" என்று திருப்பிக் கேட்பான். திருகோணமலையிலிருந்து வெளிநாட்டுக்குப் படிக்கப்போன பிள்ளைகளில் அவனைப்போலச் சாப்பிட்டவனும் கிடையாது, சாப்பாட்டுக்கு அவனைப்போலச் சட்டம் பேசியவனும் கிடையாது. அந்த இரண்டு வேலையையும் அவன் ஒரே நேரத்தில் செய்தான் என்பதும், அப்போது நாங்கள் எதிரே உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது என்பதும்தான் எங்கள் தலைவிதி.

இங்கிலாந்தின் வடக்கே, மழையும் பல்கலைக்கழகமும் தவிர வேறொன்றும் இல்லாத ஓர் ஊரில், நாங்கள் மூன்று பேர் ஒரு வீட்டின் மேல்மாடியை வாடகைக்கு எடுத்திருந்தோம். நான் அன்புவழிபுரம். றிஸ்வான் கிண்ணியா. மூன்றாமவன் இலங்கைத்துறை. அவனுக்குத் தாய் தகப்பன் வைத்த நல்ல பெயர் ஒன்று இருந்தது. பல்கலைக்கழகத்தில் அதைப் பிழையாகச் சொல்வார்கள், நாங்கள் சொல்வதேயில்லை, சம்மாட்டி என்றே கூப்பிடுவோம். அவனுடைய அப்பா ஊரில் கரைவலைச் சம்மாட்டி. வலையும் தோணியும் அவருடையவை, கரையில் அவர் சொல்வதுதான் சட்டம். மகன் முகாமைத்துவம் படிக்க வந்தவன். வலையும் தோணியும் ஊரிலேயே நின்றுவிட்டன, சட்டம் மட்டும் மகனோடு விமானம் ஏறிவிட்டது.

நாங்கள் பெட்டி நிறையக் குளிர் உடுப்புக் கொண்டுபோனோம். அவன் ஒரு தாச்சிச் சட்டி கொண்டுவந்தான். கல்யாண வீட்டில் வடை பொரிக்கிற அளவுக்கு அகலமான அலுமினியத் தாச்சி. அதற்குள்ளே மிளகாய்த்தூள், மிளகாய்த்தூளுக்குப் பக்கத்தில் கருவாடு, கருவாட்டைச் சுற்றி அவனுடைய ஒரேயொரு சுவெற்றர். அதைப் போட்டுக்கொண்டு விரிவுரைக்குப் போனால் அவனைச் சுற்றி இரண்டு வரிசைக் கதிரை காலியாகவே இருக்கும். தன்னை எல்லோரும் ஒதுக்குகிறார்கள், இது நிறபேதம் என்று ஒருநாள் கண் கலங்க முறைப்பட்டான். றிஸ்வான் மூக்கைப் பொத்திக்கொண்டு, பிரச்சினை நிறம் இல்லை, சுவெற்றர் என்று விளக்கம் கொடுத்தான்.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு கோழி வாங்கினோம். றிஸ்வானுக்காக வீடு முழுவதும் ஹலால் இறைச்சிக்கு மாறியிருந்தது, அதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. வெங்காயம் வெட்டியது நான். கோழி கழுவி வெட்டியது றிஸ்வான். சம்மாட்டி தாச்சியை அடுப்பில் வைத்தான், அத்தோடு அவனுடைய உழைப்பு முடிந்தது. கறி இறங்கியதும் குசினி மேசையில் கோப்பைகளை வரிசையாக வைத்துப் பங்கு போடத் தொடங்கினான். மூன்று பேருக்கு நாலு கோப்பை. நாலாவது கோப்பையில் இரண்டு காலும் ஈரலும் போய் விழுந்தன.

"இது ஆருக்கு?" என்று கேட்டேன்.

"தாச்சிக்கு."

"தாச்சி கோழி தின்னுமாடா?" என்றான் றிஸ்வான்.

"தோணி மீன் தின்னுமா? ஆனா தோணிக்குப் பங்கு இருக்கா இல்லையா? எங்கட கரையில வலைக்கு ஒரு பங்கு, தோணிக்கு ஒரு பங்கு, பிறகுதான் ஆக்களுக்கு. தாச்சி என்ட. அது இல்லாட்டி நீங்கள் ரெண்டு பேரும் பச்சைக் கோழியப் பாத்துக்கொண்டுதான் இருக்கோணும்."

இப்படிச் சட்டம் சொல்லி முடித்ததும், தாச்சியின் சார்பில் அவன் ஒரு காலைக் கடித்துவிட்டான்.

நானும் சும்மா இருக்கவில்லை. பழைய சாமான் விற்கிற கடையொன்றில் றைஸ் குக்கர் வாங்கி வந்து, இது என்னுடையது, இதற்கும் பங்கு வேண்டும் என்று மேசையில் வைத்தேன். சண்டைக்கு வருவான் என்று நினைத்தால், நியாயம்தான் என்று உடனே தலையாட்டினான். அன்று எனக்குச் சொன்னபடி இரண்டாவது கோப்பை வந்தது. அதில் வெறும் சோறு. குக்கர் காய்ச்சியது சோறு, ஆகவே அதற்குச் சோறு என்பது தீர்ப்பு. என்னுடைய கதியைப் பார்த்த பிறகும் றிஸ்வான் புத்தி வராமல் ஒரு கத்தி வாங்கி வந்தான். கத்திக்கு வெங்காயம் கிடைத்தது.

பின்னேரங்களில் சுப்பர்மார்க்கெட்டில் பழுதாகப்போகிற சாமான்களுக்கு விலை குறைத்து மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். எங்களைப்போன்ற மாணவர்கள் உயிர் வாழ்வது அந்த ஸ்டிக்கரால்தான். மற்ற நாட்டுப் பிள்ளைகள் தூர நின்று, தற்செயலாக வந்தவர்கள்போலக் காத்திருப்பார்கள். சம்மாட்டிக்கு அந்த நாகரிகம் பிடிபடவில்லை. மீன் ஏலத்தில் வளர்ந்தவன். ஸ்டிக்கர் ஒட்டுகிற பெண்ணின் தோளுக்குப் பின்னால் நின்று, இன்னும் கொஞ்சம் குறைக்கலாம், இது காலையில் பிடித்தது இல்லை என்று ஆங்கிலத்தில் பேரம் பேசுவான். அவள் பாண் பக்கம் போனால் இவனும் பாண் பக்கம் போவான். கடைசியில் ஒருநாள் அவள் பொறுமையிழந்து ஒரு கூடைச் சீஸை அவன் கையில் திணித்து அனுப்பிவிட்டாள். அவன் அதைக் கொண்டுவந்து சொதி வைத்தான். அந்தச் சொதியை நாங்கள் சாப்பிட்டோமா என்பதை இங்கே எழுதமாட்டேன், அம்மா இந்தப் பத்திரிகை வாசிக்கிறவர்.

அம்மா என்றதும் ஒன்றைச் சொல்லவேண்டும். வீட்டாரோடு வீடியோவில் பேசும்போது மூன்று தாய்மாரும் கேட்கிற முதல் கேள்வி, என்ன சாப்பிட்டாய் என்பதுதான். அதற்கு நாங்கள் தாச்சியின் கோப்பையைத்தான் காட்டுவோம். எங்கள் கோப்பைகளில் கழுத்தும் முதுகெலும்பும் கிடக்கும், அதைக் காட்டினால் அழுவார்கள். என் அம்மா அந்தக் கால்களைப் பார்த்து நிம்மதியாகப் போனை வைப்பார். றிஸ்வானின் உம்மா, இன்னும் கொஞ்சம் போட்டுச் சாப்பிடுங்க மகன் என்பார். காட்டி முடிந்த கையோடு கோப்பையைச் சம்மாட்டியிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பேச்சு நீண்டால் அவன் பின்னால் வந்து நின்று செருமுவான்.

ஒருநாள் அவன் கருவாடு பொரித்ததில் புகை அலாரம் அடித்து, கீழ்வீட்டுக் கிழவி பயந்துபோய் அறிவித்து, தீயணைக்கிற வண்டியே வந்துவிட்டது. இரும்புத் தொப்பி போட்ட ஆட்கள் படியேறி வந்தார்கள். நெருப்பு இல்லை, கருவாடுதான் என்று கண்டுகொண்டு, எங்களுக்குக் கொஞ்சம் புத்திமதி சொல்லிவிட்டுத் திரும்பினார்கள். சம்மாட்டி விடவில்லை. வலைக் கயிற்றில் கை வைத்தவன் யாராக இருந்தாலும் வெறுங்கையோடு போகக்கூடாது என்பது அவர்களுடைய கரை வழக்கமாம். ஆளுக்கொரு துண்டு கருவாட்டைக் கடதாசியில் சுற்றிக் கொடுத்தான். அவர்களும் பேசாமல் வாங்கிக்கொண்டு போனார்கள். எவ்வளவு பெருந்தன்மை என்று நானே ஒரு கணம் ஏமாந்தேன். பிறகு பார்த்தால் கொடுத்தது முழுவதும் எங்கள் பங்கிலிருந்து. தாச்சியின் பங்கு கைபடாமல் இருந்தது.

இப்படி நாங்கள் கொதித்துக்கொண்டும் கழுத்தெலும்பு சூப்பிக்கொண்டும் இருந்த காலத்தில்தான் றிஸ்வானுக்கு அடிபட்டது. அவன் பகுதிநேரமாகச் சாமான் களஞ்சியம் ஒன்றில் வேலை செய்தான். ஒரு பெட்டி சரிந்து வலது மணிக்கட்டில் விழுந்தது. கையில் கட்டு, வேலை இல்லை. ஊரில் அந்தப் போகம் வயல் தண்ணீரில் போயிருந்ததால் வீட்டுக்கும் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவன் மேசைக்கு வருவதை நிறுத்திவிட்டான். பள்ளிவாசலில் சாப்பாடு தந்தார்கள் என்பான். பசியில்லை என்பான். அறைக்குள் அவன் வெறும் பாணைத் தேத்தண்ணியில் தோய்த்துச் சாப்பிடுவதை நான் கண்டேன்.

தான் ஒன்றும் வாங்கிப் போடாத சமையலில் கை வைக்கமாட்டான். அவனுடைய ரோசம் எனக்குத் தெரியும். மேசையில் திறந்து கிடந்த அவனுடைய கணினியில் கொழும்புக்குப் போகிற விமானங்களின் பட்டியலைக் கண்டேன். படிப்பை விட்டுவிட்டுப் போகப்போகிறான். போனால் திரும்பி வரமாட்டான். வா மச்சான், இதில் என்ன இருக்கிறது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கெஞ்சிப் பார்த்தேன். "எனக்குப் பிச்சை போடாத," என்று சொல்லிக் கதவைச் சாத்தினான். அதற்குப் பிறகு என்னோடு முகம் கொடுத்தும் பேசவில்லை.

சம்மாட்டிக்கு விஷயம் கடைசியாகத்தான் விளங்கியது. மற்றவர்களுடைய பசியை அவன் கவனிக்கிற வழக்கம் இல்லை. ஒரு கோப்பை எடுபடாமல் ஆறிக்கிடந்ததைக் கண்டுதான் எழும்பிப் போனான். கதவுக்கு முன்னால் நின்று தட்டினான்.

"டேய், உன்ட பங்கு ஆறுது."

"நான் ஒண்டும் போடேல்ல. எனக்குப் பங்கு இல்ல."

"அத நீ சொல்லேலாது. அடிபட்டுக் கரையில கிடக்கிறவனுக்கும் பங்கு இருக்கு. அவன்ட பங்கு குடுபடாம தோணிக்குப் பங்கு எடுக்கேலாது. அதுதான் சட்டம்."

"அப்ப நீ எடுக்காத."

"எடுக்க மாட்டன்."

நான் உள்ளுக்குள் சிரித்தேன். பூனை கருவாட்டுக்குக் காவல் இருக்கிற கதை என்று நினைத்தேன். ஆனால் அன்று தாச்சியின் கோப்பை மூடப்பட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்குள் போனது. அடுத்த நாளும் போனது. சம்மாட்டி தன்னுடைய ஒற்றைப் பங்கோடு கை கழுவினான்.

சாதாரண மனிதனுக்கு ஒரு பங்கு போதும். அவனுக்கு அது நோன்பு. அதை அவன் மௌனமாக அனுபவித்திருந்தால் மகான் என்றே எழுதியிருப்பேன். அவனோ வீட்டை இரண்டாக்கினான். பெட்டிக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்தான். திறந்து பார்ப்பான், கோழிக்காலை விசாரிப்பான், பெருமூச்சு விட்டு மூடுவான். காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை என்று ஒரு கயிற்றைக் கட்டிக்கொண்டு றிஸ்வானின் கதவைக் கடந்து நடப்பான். இலங்கைத்துறைக்குப் போன் எடுத்து, சத்தத்தைக் கூட்டிவைத்து, இங்கே ஒருத்தன் பங்கு எடுக்கிறான் இல்லை, நான் என்ன செய்யட்டும் என்று அப்பாவிடம் முறைப்பட்டான். கடல் இரைச்சலுக்கு நடுவே அப்பாவின் குரல் வந்தது: "அப்ப நீயும் எடுக்காத." சம்மாட்டிக்கு உண்மையிலேயே அழுகை வந்துவிட்டது.

கடைசியில் கதவில் வாயை வைத்துச் சொன்னான்: "நீ பட்டினி கிடக்கிறது உன்ட விருப்பம். என்னை ஏன்டா பட்டினி போடுறாய்?"

பிறகு கதவு திறந்தது. றிஸ்வான் வெளியே வந்து, இந்த மனிசன்ட புலம்பலைக் கேட்டுக்கொண்டு இருக்க ஏலாது என்று என்னிடம் சொன்னான். அத்தனை நாளுக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் வார்த்தை. மேசையில் உட்கார்ந்து இடது கையால் கரண்டி பிடித்துச் சாப்பிட்டான். அவன் கண்ணைப் பார்க்காமல் இருப்பதற்காக நான் சுவரைப் பார்த்தேன். சம்மாட்டி அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. சேர்ந்து கிடந்த தாச்சிப் பங்கு முழுவதையும் எடுத்து, ஒன்றாகச் சூடாக்கி, ஒரே இருப்பில் தின்று தீர்த்துவிட்டு, மேசையிலேயே தலைவைத்துத் தூங்கிப்போனான்.

கை சுகமாகும்வரை றிஸ்வான் ஒரு நேரமும் தவறாமல் தன் பங்கை எடுத்தான். வேறு வேலை கிடைத்தது, படிப்பும் முடிந்தது. அவனைச் சாப்பிட வைப்பதற்காகத்தான் அப்படிச் செய்தாயா என்று சம்மாட்டியிடம் ஒருமுறை கேட்டேன். சட்டம் தெரியாத ஆளோடு கதைக்கிற முகத்தோடு என்னைப் பார்த்தான். அது திட்டமா, சட்டப்பைத்தியமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இப்போது மூன்று பேரும் ஊரோடு வந்துவிட்டோம். சம்மாட்டி துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் வேலை செய்கிறான். அங்கே மத்தியானப் பார்சல் வாங்கப் போகிறவனுக்கு மற்றவர்களுடைய பார்சலிலிருந்து ஒவ்வொரு துண்டு மீன் என்று சட்டம் வந்திருக்கிறதாம். பார்சல் வாங்கப் போகிறவன் யார் என்று நான் கேட்கவில்லை.

போன மாதம் றிஸ்வான் எங்களைக் கிண்ணியாவுக்குச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டான். பாலம் கடந்து போனோம். பாயை விரித்து நடுவிலே சகனைக் கொண்டுவந்து வைத்தார்கள். பெரிய வட்டத் தட்டில் சோறும் கோழியும் ஒன்றாகக் குவிந்திருக்கும், சுற்றியிருக்கிற எல்லோரும் அந்த ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிடவேண்டும். சம்மாட்டி திகைத்துப்போனான். எங்கே தன் எல்லை முடிகிறது, எங்கே என்னுடையது தொடங்குகிறது என்று தெரியாமல் தட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

அப்போதுதான் றிஸ்வானின் உம்மா தண்ணீர்க் கூசாவோடு வந்தார். என்னையும் சம்மாட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒண்டு கேக்கணும் மகன். எனக்கிட்ட உண்மையச் சொல்லுங்க. இவன் அங்க ஒழுங்காச் சாப்பிட்டானா?"

றிஸ்வானின் கை சோற்றுக்குள் அப்படியே நின்றது. அந்தப் பாணும் தேத்தண்ணியும் அவருக்குத் தெரியாது, தெரியவே கூடாது என்றுதான் அவன் அவ்வளவு பாடுபட்டான். எனக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

சம்மாட்டி வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு நிமிர்ந்தான்.

"இவனா உம்மா? தன்ட பங்கையும் திண்டு, என்ட பங்கையும் திங்கவிடாதவன். அங்க பட்டினி கிடந்தது நான்தான்."

உம்மா சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாவம் இந்தப் பிள்ளை என்று சொல்லி, இரண்டு பெரிய கோழித்துண்டை எடுத்து அவன் பக்கம் வைத்தார். றிஸ்வான் தலை குனிந்தபடி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். சம்மாட்டி கொஞ்சமும் வெட்கமில்லாமல் அந்தத் துண்டுகளைத் தின்னத் தொடங்கினான். இப்படி ஒருவன் எங்களோடு வந்து சேர்ந்தானே என்று அந்த நேரம் எனக்கு அவன்மேல் வந்த அன்பை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. சகனில் என் பக்கம் கிடந்த துண்டையும் எடுத்து அவன் பக்கம் தள்ளிவிட்டேன்.