லட்டுவும் பூந்தியும் இட்லிப்பூச் செடியும்

கோட்டுச்சேரி,
காரைக்கால்.

அன்புள்ள மாப்பிள்ளை ராஜ்மோகனுக்கு, மாமா கைலாசநாதன் ஆசிகளுடன் எழுதுவது. நானும் உங்கள் அத்தை நீலாயதாட்சியும் நலம். நீங்களும் விஷ்ணுப்ரியாவும் மஸ்கட் போகும்போது எங்களிடம் விட்டுப்போன லட்டுவும் பூந்தியும் எங்களைவிட நலம். போனில் பேசினால் அத்தை காதில் விழும், அதனால்தான் கடிதம்.

வாசலில் ஒரு செடி நிற்கவில்லை மாப்பிள்ளை. பூந்தி தோண்டுகிறான், லட்டு காலைத் தூக்குகிறான். நாய் காலைத் தூக்கிய செடியில் பூப் பறித்துச் சாமிக்கு வைக்க முடியுமா? அத்தை தீர்ப்பே சொல்லிவிட்டாள்: "ஆடி மொத வெள்ளிக்கு நம்ம வாசப் பூ அம்மன் படத்துல ஏறணும். இல்லன்னா ரெண்டும் அம்பகரத்தூர்ல எந்தம்பி பம்புசெட்டுக்குப் போயிடும், ஆமா!" அங்கே போனால் சங்கிலிதான். மின்விசிறி இல்லாமல் லட்டு தூங்கமாட்டான் என்பது உங்களுக்கே தெரியும்.

ஆகவே பள்ளியில் பிள்ளைகளைச் சேர்ப்பதுபோல ஒவ்வொரு செடியாகச் சேர்த்துப் பார்த்தேன். செம்பருத்திக் கிளையைக் கவ்விக்கொண்டு பூந்தி தெருவில் ஊர்வலம் போனான். கனகாம்பரம் லட்டுவுக்கு மெத்தையாயிற்று. அரளி உப்புக்காற்றுக்கு அசையாதுதான், ஆனால் நாய் கடித்தால் விஷம். கணக்கில் நூறு வாங்குகிறான் என்பதற்காக, பக்கத்துப் பையனைக் கடிக்கிறவனை முதல் பெஞ்சில் உட்கார வைப்போமா? கடைசியில் இட்லிப்பூ வந்தது. குட்டையான செடி, கெட்டியான தண்டு, விஷமில்லை, மணல் மண்ணுக்கும் முகம் சுளிக்கவில்லை. இடித்துத் தள்ளினால் மறுநாள் எழுந்து நிற்கிறது.

சுற்றிச் செங்கல் பதித்ததும் பூந்தி தோண்டுவதை விட்டான். லட்டுவின் கால் மட்டும் பாக்கி. இங்கே கூடாது என்று பிள்ளையிடம் சொன்னால் போதாது, எங்கே கூடும் என்றும் காட்ட வேண்டும். அத்தை தம்பி வீட்டுக்குப் போயிருந்த நேரம், கொல்லையில் கிடந்த கருங்கல் ஒன்றை உருட்டி வந்து வாசல் மூலையில் நட்டுவைத்தேன். லட்டுவுக்குப் பிடித்துவிட்டது. நாற்றம் வராமலிருக்கத் தினமும் காலையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுகிறேன். செடி கொத்துக் கொத்தாய்ப் பூத்திருக்கிறது. நாளைதான் அந்த வெள்ளி. இனிக் கவலையில்லை, விஷ்ணுப்ரியாவையும் கண்ணைத் துடைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இரண்டு காலில் நடப்பவரும் நாலு காலில் நடப்பவரும் நோய்நொடியில்லாமல் இருக்க வாழ்த்தி முடிக்கிறேன்.

அன்புடன்,
கைலாசநாதன்

பி.கு.: தபாலில் சேர்க்குமுன் வெள்ளிக்கிழமை விடிந்துவிட்டது. கீரை விற்கும் பூவாயி, அந்தக் கல்லுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, இட்லிப்பூ முழுவதையும் பறித்து அதன் தலையில் சாத்திவிட்டாள். "ஐயா தெனம் கொடத்துத் தண்ணி ஊத்தறப்பவே நெனச்சேம்மா. சும்மாவா ஊத்துவாரு!" அத்தை கற்பூரம் காட்டிவிட்டாள். லட்டுவுக்குக் கல் பக்கம் தடை. அவன் செடிக்கே திரும்பிவிட்டான், ஆகவே படத்துக்குக் கடைப் பூதான். அப்படியானால் நாய்களைப் பம்புசெட்டுக்கு அனுப்பிவிடவா என்று பயந்துகொண்டே கேட்டேன். "நல்லாருக்கே! அம்மன் வந்து ஒக்காந்திருக்கா, காவலுக்கு நாய் வேணாமாங்க?" என்கிறாள். அந்தக் கல் எதற்கு வந்தது என்பதை விஷ்ணுப்ரியாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவள் அம்மாவிடம் எதையும் மறைக்கமாட்டாள்.