மக்குமா அக்காவின் குழி

தனக்கு வெட்டிய குழிக்குள் தானே படுத்துப் பார்த்து, "கால் பக்கம் இடிக்குதுங்க" என்று குறை சொன்ன ஒரே மனுஷி இந்த உலகத்திலேயே எங்கள் மக்குமா அக்காதான்.

கொல்லிமலையில் அரியூர் நாட்டுப் பக்கம் நான் வாத்தியாராக இருந்தபோது அவர் வீட்டை ஒட்டித்தான் குடியிருந்தேன். சொந்தமாக மிளகுத் தோட்டம், அறுபதைத் தாண்டிய வயது, யாரையும் விடாத வாய். எதைப் பார்த்தாலும் முதல் கேள்வி, "இது மக்குமா?" என் புதுச் செருப்பைப் பார்த்துக் கேட்டார். ஒரு கல்யாண மாப்பிள்ளையின் கோட்டைத் தடவிப் பார்த்துக் கேட்டார். பெயரே அப்படி நிலைத்துவிட்டது.

ஒரு சாவு வீட்டில் பாடையைத் தூக்கப் போகிற நேரத்தில் "நிறுத்துங்க!" என்று அலறினார். பிணம் அசைந்துவிட்டதோ என்று பாதிக் கூட்டம் தெருவுக்கு ஓடிவிட்டது. அக்கா நிதானமாகப் போய், செத்தவர் மேல் கிடந்த பிளாஸ்டிக் மாலை, பாலியஸ்டர் சால்வை எல்லாவற்றையும் உருவினார். "மனுசன் மண்ணாப் போயிருவாரு. இதுக மட்டும் உள்ளயே கெடந்து, அவரு எங்கேன்னு தேடிட்டு இருக்குமுங்க."

தனக்கென்று வரும்போது சும்மா விடுவாரா? பருத்திச் சேலை போதும், சிமெண்டு கூடாது, தோட்டத்துப் பலா மரத்தடியில் புதைக்க வேண்டும் என்று சொல்லிவைத்தார். சொல்லி என்ன பிரயோசனம் என்று தோன்றியிருக்க வேண்டும். ஆள் விட்டுக் குழியையே வெட்டிவிட்டார்.

அளவு பார்க்க அதில் படுத்திருந்த அன்றைக்குத்தான் சுற்றுலா வந்த புதுமண ஜோடி ஒன்று பலாவோடு படம் எடுக்க வந்தது. அக்கா குழிக்குள்ளிருந்து எழுந்து உட்கார்ந்து, "மணி என்ன ஆச்சு கண்ணு?" என்றார். மாப்பிள்ளை பெண்ணை விட்டுவிட்டு ஓடினான். பெண் அவனையும் முந்திக்கொண்டு ஓடினாள். கொண்டை ஊசி வளைவெல்லாம் அவர்களுக்கு நேர் ரோடாகத்தான் தெரிந்திருக்கும்.

அவர்கள் புகார் சொல்ல, மறுநாளே வி.ஏ.ஓ. வந்துவிட்டார். "பட்டா நிலமா இருந்தாலும் நெனச்ச எடத்துல பொதைக்க முடியாதுங்க. பஞ்சாயத்து அனுமதி வேணும்."

"செத்தப்பொறம் என்னயப் புடிச்சு ஜெயில்ல போடுவீங்களா?"

"அதில்லீங்க. மரத்துக்குக் கீழதான ஊத்து இருக்குது? ஊரே அதுலதான தண்ணி மோக்குது?"

அக்கா சரிவில் இறங்கிப் போய் ஊற்றை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். அப்புறம், "நானு மக்கி, ஊரே என்னயக் குடிக்கறதா? வேண்டாமுங்க" என்று மண்வெட்டியை எடுத்து அவரே குழியை மூடத் தொடங்கினார்.

பொது மயானத்தில் கட்டடம் எழுப்பாமல் புதைக்க ஒரு மூலையை ஒதுக்கச் சொல்லி அடுத்த சண்டை. பஞ்சாயத்து இறங்கி வந்தது. முள்ளுக்குறிச்சியில் இருந்த அவர் தம்பிதான் குதித்தார். "டைல்ஸ் ஒட்டி சமாதி கட்டலீன்னா என்ற மானம் என்னாவறது?"

"உன்ற மானம் மக்குமாடா?" என்றார் அக்கா. அத்தோடு தம்பி பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டார்.

போன மழைக்காலத்தில் காய்ச்சலில் படுத்த அக்கா எழவில்லை. தம்பி வந்தார், கையில் பட்டுச் சேலையோடு. அக்காவுக்கென்று ஆசையாக வாங்கியது. போர்த்தப் போனவர் நின்று, என்னிடம் மெதுவாகக் கேட்டார். "சாருங்க, சரிகை மக்குமுங்களா?"

மக்காது என்றேன். அந்தப் பெரிய மனிதர் சேலையைப் பல்லால் கடித்து, சரிகைக் கரையை அழுதுகொண்டே கிழித்தெடுத்தார். மிச்சத்தைப் போர்த்திவிட்டார். அக்கா கேட்டது பருத்தி. ஆனால் அன்றைக்குத் தம்பியைத் தடுக்க யாருக்கும் மனசு வரவில்லை.

மழை விட்டபிறகு மயானத்துக்குப் போனேன். அக்காவைப் புதைத்த மூலை முழுக்கப் புல் மண்டி, எந்த இடமென்றே தெரியவில்லை. என்ன செய்ய? செருப்பைக் கழற்றிவிட்டு, அங்கிருந்த புல்லுக்கெல்லாம் சேர்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மிதிக்காமல் ஓரமாகவே நடந்து வந்தேன்.