பையில வச்சு அனுப்புன வீட்டு வாசம்

உங்க வீட்டுக்குன்னு ஒரு வாசம் இருக்குமே, அது என்ன வாசம்னு உங்களுக்குத் தெரியுமா?

தெரியாது. அதுக்குள்ளயே கெடக்குறவங்களுக்குத் தெரியவே தெரியாது. எனக்கும் தெரியல. அதனால கொடைக்கானல்ல ஒரு வகுப்பையே காலி பண்ண வச்சுட்டேன்.

அன்னைக்கு எனக்கு இருந்த சோலி ஒண்ணே ஒண்ணுதான். ஒரு துண்டுத் துணிய வெட்டி, மக யூனிஃபார்ம் பையில வச்சு, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பணும்.

மக பேரு தேன்மொழி. வீட்டுல தேனு. ரெண்டாங்கிளாஸ். நாங்க பூம்பாறை மலைக்கிராமம், பள்ளிக்கூடம் கொடைக்கானல்ல. நான் படிச்சது ஊருப் பள்ளிக்கூடம். புள்ளை டவுன்ல படிக்கட்டும்னு ஒத்தக்கால்ல நின்னது நான்தான்.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆனா தேனுவுக்கு வயித்துவலி வந்துரும். திங்கக்கிழமை காலைல கையெல்லாம் சில்லுன்னு ஆயிரும். பூம்பாறைக் குளிர்ல யாரு கையும் அப்படித்தானே இருக்கும்னு ரொம்ப நாள் நான் கண்டுக்கல.

டாக்டர் பாத்துட்டு வயிறு நல்லாருக்குன்னு சொல்லிட்டாரு.

"பெறகு எதுக்குடி வலிக்குது?"

"மிஸ் என் பேரைச் சொன்னா எல்லாரும் திரும்பி என்னையவே பாக்குறாங்கம்மா."

அம்புட்டுதான் விசயம். எல்லாரும் பாக்குறது.

எனக்குத் தெரிஞ்ச வைத்தியத்தப் பாத்தேன். "பயப்படாத"ன்னு சொன்னேன். கேக்கல. இன்னும் சத்தமா "பயப்படாத"ன்னு சொன்னேன். அழுதுருச்சு.

எங்க வீட்டுக்காரரு ஜீப் ஓட்டுறவரு. "இதெல்லாம் ஒரு பயமா? நான் காட்டுமாட்டுக்கே பயந்ததில்ல"ன்னாரு.

காட்டுமாடு யாரையும் பேரு சொல்லிக் கூப்பிட்டு எந்திரிக்கச் சொல்றதில்ல. அதையும் அவருகிட்ட சொன்னேன்.

கடைசில தேனுவோட மிஸ், ஸ்டெல்லா மிஸ், என்னையக் கூப்பிட்டுப் பேசுனாங்க.

"பயப்படாதன்னு சொல்லாதீங்கம்மா. பயம் வந்தா வரட்டும், கொஞ்ச நேரத்துல அதுவே போயிரும்னு சொல்லுங்க. மெதுவா மூச்சு இழுத்து, அதவிட மெதுவா விடச் சொல்லிக் குடுங்க. அப்புறம் வீட்டு வாசம் இருக்கிற துணி ஒண்ணு சின்னதா பையில வச்சு விடுங்க. பயம் வந்தா எடுத்து மோந்துக்கட்டும். வீட்டுல இருக்கிற மாதிரி இருக்கும்."

எனக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு. செலவில்லாத வைத்தியம்.

அன்னைக்குச் சாயங்காலமே மிஸ் சொன்னதையெல்லாம் தேனுவுக்குச் சொல்லிக் குடுத்துட்டு, என் பழைய சேலையில ஒரு துண்டு வெட்டுனேன். மோந்து பாத்தேன். ஒரு வாசமும் இல்ல. வீட்டுக்காரருகிட்ட நீட்டுனேன்.

"துணி மாதிரி இருக்கு"ன்னாரு.

"வீட்டு வாசம் வருதா?"

"நம்ம வீட்டுக்கு ஏது வாசம்?"

எங்க வீட்டப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். எங்க ஊரு வெள்ளாமையே பூண்டுதான். வெதைக்குன்னு எடுத்து வச்ச பூண்டையெல்லாம் கட்டுக் கட்டா அடுப்புக்கு மேல பரண்ல தொங்கவிட்டிருப்போம். புகை பட்டாத்தான் கெடாம இருக்கும். அதுக்குக் கீழதான் சமையல், சாப்பாடு, வீட்டுப்பாடம், தூக்கம் எல்லாம்.

சரி, வீட்டு வாசம் நல்லா ஏறட்டும்னு துணியப் பரண்ல பூண்டுக் கட்டுக்கு நடுவுல சொருகி வச்சேன்.

மறுநாள் வெள்ளனே எந்திரிச்சு எடுத்து மோந்து பாத்தேன். அப்பவும் ஒண்ணும் வரல.

பஸ்ஸுக்கு நேரமாச்சு. மருந்துன்னா கொஞ்சம் காட்டமா இருந்தாத்தானே வேலை செய்யும்? கைப்புள்ளைக்குச் சளி புடிச்சா பூண்ட நசுக்கித் துணியில முடிஞ்சு பக்கத்துல வைப்போம்ல, அந்த ஞாபகத்துல ஒரு முழுப் பூண்ட நசுக்கி உள்ள வச்சு முடிஞ்சேன். இப்ப லேசா வந்துச்சு. தேனுவும் மோந்து பாத்துட்டு, "ம், நம்ம வீடு"ன்னா.

எனக்குப் பெருமை தாங்கல.

பஸ்ஸுல யாரும் ஒண்ணும் சொல்லல. சொல்ல மாட்டாங்க. பாதிப் பேரு பூண்டு மூட்டையோட வந்தவங்க. வழியில ஏறுன ஒரு டூரிஸ்ட் அம்மா மட்டும் எங்களுக்குப் பின்னால உக்காந்து சால்வையால மூக்கப் பொத்திக்கிட்டாங்க. மலைப்பாதை ஒத்துக்கல போல, பாவம்னு எலுமிச்சம்பழம் ஒண்ணு குடுத்தேன். வாங்கி மூக்குல வச்சவங்க, எறங்குற வரைக்கும் எடுக்கல.

பள்ளிக்கூட வாசல்ல தேனு அழுகல. பையத் தொட்டுப் பாத்துக்கிட்டே உள்ள போயிட்டா. நான் மார்க்கெட்டுக்குப் போயி, பாக்குறவங்ககிட்டயெல்லாம் புள்ளை வளக்குறது எப்படின்னு சொல்லிக்கிட்டு இருந்தேன்.

போன் அடிச்சுச்சு. ஸ்டெல்லா மிஸ்.

"தேனுவுக்கு ஒண்ணும் இல்லம்மா. ஆனா கொஞ்சம் வெரசா வர முடியுமா?"

'ஒண்ணும் இல்ல'ன்னு சொன்னா நமக்கு ஒண்ணும் இல்லன்னா கேக்கும்? மேட்டுல ஓடுனேன். ஓடிக்கிட்டே மெதுவா மூச்சு இழுத்து, அதவிட மெதுவா விட்டுப் பாத்தேன். மேட்டுல ஓடுறவங்க அதச் செய்யக் கூடாது. கண்ணக் கட்டிட்டு வந்துருச்சு.

போயிப் பாத்தா தேனு வகுப்பு மொத்தமும் கிரவுண்டுல வரிசையா நிக்குது. ஜன்னலெல்லாம் தொறந்து கெடக்கு. சமையக்கட்டு கேஸ் ஒழுகுதுன்னு ஹெட்மிஸ்ட்ரஸ், அதான் பெரிய மிஸ், ஆளு வரச் சொல்லியிருந்தாங்க. அவரு முழங்கால் போட்டு டியூப மோந்துக்கிட்டு இருந்தாரு. ஆயாம்மா இன்னொரு பக்கம், "எலிதான் எங்கயோ செத்துக் கெடக்கு"ன்னு பீரோவ நகட்டிக்கிட்டு இருந்தாங்க.

நமக்குத்தான் உதவுற புத்தி ஆச்சே. வகுப்புக்குள்ள போயி நாலு மூலையிலயும் நின்னு மோந்து பாத்தேன்.

"எனக்கு ஒண்ணும் வரலையே மிஸ்."

ஸ்டெல்லா மிஸ் என்னைய ஒரு பார்வை பாத்தாங்க.

"உங்களுக்கு வராதுங்கம்மா."

பெறகு ஓரமாக் கூட்டிட்டுப் போயி மெதுவாச் சொன்னாங்க. "துணி மட்டும்தானே கேட்டேன்? அவ எடுத்து மோந்தத நான் பாத்துட்டேன். வேற யாருக்கும் தெரியாது. இப்பச் சொன்னா எல்லாரும் அவளைத்தான் பாப்பாங்க. நீங்களே நைசா வாங்கிட்டுக் கெளம்பிருங்க."

எல்லாரும் பாப்பாங்க. எந்தப் பயத்துக்கு மருந்து குடுத்து விட்டேனோ, அதையே வகுப்பு மொத்தத்தையும் வச்சு ஏற்பாடு பண்ணி வச்சிருக்கேன்.

தேனுகிட்ட போனேன். ரிப்பனச் சரி பண்ற மாதிரி குனிஞ்சு, அவ பையிலருந்து முடிச்ச உருவி என் இடுப்புல சொருகிக்கிட்டேன். நல்லாத்தான் செஞ்சேன். ரெண்டு எட்டு வச்சிருப்பேன்.

"மிஸ், இப்ப இந்த ஆன்ட்டி மேல அடிக்குது."

ஒரு பொடியன். நல்ல மூக்கு.

பெரிய மிஸ் திரும்புனாங்க. ஆயாம்மா பீரோவ விட்டுட்டு வந்தாங்க. கேஸ்காரரு ஸ்பேனரோட எந்திரிச்சு நின்னாரு. வரிசை மொத்தமும் என்னையப் பாத்துச்சு.

"நான்தாங்க. காலைல புள்ளைய விட வந்தப்ப வகுப்புக்குள்ள போயி நின்னுட்டேன். மடியில பூண்டு இருந்துச்சு."

"எதுக்கும்மா பூண்ட மடியில வச்சுக்கிட்டு வந்தீங்க?"ன்னாங்க பெரிய மிஸ்.

நல்ல கேள்வி. கையி சில்லுன்னு ஆச்சு. குளிர்னு சொல்ல முடியாது, உச்சி வெயிலு. அடிவயித்துல ஒரு வலி. டாக்டர்கிட்ட போனா நல்லாருக்குன்னுதான் சொல்லுவாரு.

அப்ப வரிசையிலருந்து தேனு வந்தா. எல்லாருக்கும் நடுவுல நடந்து வந்து பெரிய மிஸ் முன்னால நின்னா.

"எல்லாரும் பாத்தா எங்க அம்மாவுக்குப் பயம் மிஸ். அதுக்குத்தான் வச்சிருக்காங்க."

கடைசி வரிசைக்கும் கேக்குற மாதிரிதான் சொன்னா. பெறகு என் கையப் புடிச்சுக்கிட்டு, "பயம் வந்தா வரட்டும்மா. கொஞ்ச நேரத்துல போயிரும். மெதுவா இழு. அதவிட மெதுவா விடு"ன்னா.

இழுத்தேன். விட்டேன். பக்கத்துல நின்ன கேஸ்காரரும் கூடச் சேந்து இழுத்துட்டு இருமுனாரு.

பெரிய மிஸ் எங்க ரெண்டு பேரையும் பாத்துட்டு, "எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க"ன்னாங்க. வகுப்பு மொத்தமும் திரும்பிச்சு. கேஸ்காரரும் திரும்பிக்கிட்டாரு.

எனக்கு வயித்துவலி நின்னுருச்சு.

மறுநாள் வெறும் துணிய மட்டும் மடிச்சு வச்சேன். பரண்ல வைக்கல, கொடியில காஞ்சது. தேனு அத விரிச்சு, உதறி, ரெண்டு பக்கமும் பாத்து, மோந்துட்டுத்தான் பையில வச்சா. கையத் தொட்டுப் பாத்தேன். சில்லுன்னுதான் இருந்துச்சு. ஆனா பஸ்ஸுல அவளே ஏறுனா.

பள்ளிக்கூட வாசல்ல நின்னு என்னையத் திரும்பிப் பாத்தா.

"அம்மா, இன்னைக்கு மிஸ் போன் பண்ணா அப்பாவ எடுக்கச் சொல்றியா?"