கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒரு துப்பாக்கி

அதிகாரி யாராவது கேள்வி கேட்டால் எனக்கு வாய் நிற்காது. வளர்ந்த ஊர் அப்படி. ரங்கூனில் விருந்தாளி ஒருவர் இரவு தங்கினாலும் வட்டார அலுவலகத்தில் போய்ச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அந்த வேலை என்னுடையது. வந்தவரின் பெயரைக் கேட்டால் அவருடைய மூலவியாதி வரைக்கும் சொல்லிவிட்டு வருவேன். (அதை யாரும் கேட்டதில்லை.)

தொண்ணூறுகளில் தாய்மாமா, அத்தை, நான் மூவரும் ராமேஸ்வரத்துக்குக் கிளம்பினோம். காரணம் காக்கை. ரங்கூனின் தின்கன்ஜூன் பகுதியில் இருந்த வீட்டில் அத்தை காக்கைக்குச் சோறு வைத்த பிறகுதான் சாப்பிடுவார். சில மாதங்களாக ஒரு காக்கையும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இறந்துபோன தன் அப்பாவுக்குத் தன்மேல் கோபம் என்று அத்தை அழுது பாதியாகிவிட்டார். திதி கொடுத்தால் சரியாகும் என்றார்கள்.

உண்மைக் காரணம் மாமாவுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். கோழிக்குஞ்சுகளைத் தூக்க வரும் காக்கைகளை அவர் ஏர்கன்னால் சுட்டுக்கொண்டிருந்தார். அத்தையிடம் அதை எப்போதோ விற்றுவிட்டதாகச் சொல்லியிருந்தார். சென்னையில் துப்பாக்கிக்கு அதே ரவை வாங்குவதற்காக, மாதிரிக்குக் காலி ரவை டப்பா ஒன்றை என் பெட்டியில் போட்டுவிட்டு, விமானத்தில் காதோடு சொன்னார்:

“பெட்டியில இருக்கிறதக் கேட்டாச் சொல்லு மாப்பிள்ளை. வீட்டுல இருக்கிறது வீட்டோட இருக்கட்டும்.”

சென்னையில் சுங்க அதிகாரி டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். துப்பாக்கி ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். பெட்டியில் இல்லைதானே.

“இங்க இல்லைங்க சார். ரங்கூன்ல, கோழிக்கூட்டுக்குப் பின்னால இருக்கு. மாமாவோடது. காக்காய மட்டும்தான் சுடுவாரு. அதுவும் அத்தை கோயிலுக்குப் போனப்புறம்.”

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு எங்களைப் போகச் சொன்னார். எனக்குப் பின்னால் நின்ற அத்தை நகரவில்லை. மாமாவைப் பார்த்துச் சாதாரணக் குரலில் கேட்டார்:

“எங்கப்பாவையா சுட்டீங்க?”

ஒன்றுகூடப் படவில்லை என்றார் மாமா. அது சத்தியம். அவர் குறி அப்படி.

ராமேஸ்வரத்தில் ஒரு தீர்த்தம் பாக்கியில்லாமல் மாமாவின் தலையில்தான் கொட்டச் சொன்னார் அத்தை. ஊர் திரும்பியதும் ஏர்கன் போன இடம் தெரியவில்லை. காக்கைக்குச் சோறு வைப்பது மாமாவின் வேலையாயிற்று. காக்கை தின்னாமல் அவருக்குச் சாப்பாடு கிடையாது. அவர் தலையைக் கண்டாலே அவை பறந்துவிடும். பாவம், கதவுக்குப் பின்னால் ஒளிந்து “கா, கா” என்று கூப்பிடுவார்.

இன்றைக்கும் காக்கை வரத் தாமதமானால் அத்தை அடுப்படியிலிருந்து நிம்மதியாகச் சொல்வார்:

“அப்பாவுக்குக் கோபம் இன்னும் தீரல. நல்லவேளை, என்மேல இல்ல.”