பூக்கட்டிப் பார்த்து வாங்கின வண்டி

இலஞ்சி,
சாரல் விட்டுவிட்டுப் பெய்யும் ஒரு செவ்வாய்க்கிழமை.

அன்பு மைத்துனர் வேல்ராஜுக்கு, உன் அத்தான் இசக்கிராஜா, ஓய்வுபெற்ற ஏட்டு, எழுதிக்கொள்வது.

இங்கு உன் அக்கா ஆனந்தவள்ளி சுகம். தோப்பில் தேங்காய் சுகம். அருவியில் தண்ணீர் சுகம். என் இடுப்பு ஒன்று நீங்கலாக எல்லாமே சுகம். அங்கே பூனாவில் நீயும் உன் பட்டாளமும் சுகமாக இருக்க இலஞ்சி குமாரனை வேண்டிக்கொள்கிறேன். அவரோடு எனக்கு இப்போது சின்ன மனத்தாங்கல் இருக்கிறது, இருந்தாலும் உனக்காக வேண்டிக்கொள்கிறேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் சொன்னால் நீ சிரிப்பாய். கடிதத்தைப் படித்துச் சிரித்தால் எனக்குக் கேட்காது. அக்காவுக்குத் தெரியாமல் எழுதுவதால் எழுத்துக் கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

விஷயம் இதுதான். ரிட்டயர் ஆனதும் பைக் வாங்கி, இலஞ்சியிலிருந்து ஓட்டிக்கொண்டே வந்து உன் பட்டாளத்து வாசலில் நிற்பேன் என்று சொன்னேன் அல்லவா, நீயும் கூட இருக்கிற சிப்பாய்களிடமெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாய் அல்லவா, அந்த அத்தான் வரமாட்டான். சர்வீஸ் முழுக்கக் குற்றாலத்தில் சீசன் பந்தோபஸ்து பார்த்தவன் நான். பெங்களூரிலிருந்தும் கொச்சியிலிருந்தும் பெட்டி கட்டிய பைக்கில் வந்தவர்களுக்கெல்லாம் விசிலடித்து, வண்டி நிறுத்த இடம் காட்டியே என் காலம் போயிற்று. எல்லோரும் எங்கிருந்தோ வந்தார்கள், நான் எங்கேயும் போகவில்லை. ஒரு தடவையாவது வேற்றூரில் எனக்கு ஒருத்தன் விசிலடித்து இடம் காட்ட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. அது இனி நடக்காது.

உன் அக்காவையும் கூட்டிக்கொண்டு வண்டி வாங்கப் போனபோது இரண்டு ரகம் என்றார்கள். டூரிங் என்றால் உயரமாக இருக்கும், நிமிர்ந்து உட்கார்ந்து நாள் முழுக்க ஓட்டலாம். குரூசர் என்றால் தாழ்வாக, நீளமாக இருக்கும், காலை முன்னால் நீட்டிக்கொண்டு ஊருக்குள் ஜம்மென்று போகலாம். டூரிங்கே வாங்குங்கள் என்று நீ தலைதலையாக அடித்துக்கொண்டாய். என்னோடு ரிட்டயர் ஆன பேச்சிராஜும் அதைத்தான் வாங்கினான். எனக்கும் அதன் மேல்தான் கண். உன் அக்காதான், "எதுக்கும் பூக்கட்டிப் பாத்துருவோம்" என்றாள். மறுக்க முடியுமா? கிணறு தோண்டியதும் பூக்கட்டிப் பார்த்துத்தான், உன் அக்காவை எனக்குக் கொடுத்ததும் பூக்கட்டிப் பார்த்துத்தான். அப்போது நீ டவுசர் போட்ட பயல், நினைவிருக்காது. செவப்புப் பூ வந்தால் ஆலங்குளத்து வாத்தியார் மாப்பிள்ளை, வெள்ளை வந்தால் நான். வெள்ளை வந்தது, வாத்தியார் பிழைத்தார். இந்தத் தடவை நான் உஷாராக, முருகனுக்குச் செவப்புதானே இஷ்டம் என்று கணக்குப் போட்டு, செவ்வரளியை டூரிங்குக்கும் நந்தியாவட்டையைக் குரூசருக்கும் வைக்கச் சொன்னேன். உன் அக்கா இலையில் இரண்டு பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். சாமி காலடியில் போட்டு, குருக்கள் ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை. கன்னத்தில் போட்டுக்கொண்டேன், கொஞ்சம் பலமாகவே விழுந்தது. இன்னொரு பொட்டலத்தை உன் அக்கா முந்தானையில் முடிந்துகொண்டாள். சாமி பூவைக் கண்ட இடத்தில் போடக்கூடாதாம்.

வண்டி வந்தது. டயருக்கடியில் எலுமிச்சம்பழம் நசுங்கிய அன்றைக்கே என் மானமும் நசுங்க ஆரம்பித்தது. ஊருக்கு ஏற்ற வண்டி என்றார்களே, எந்த ஊருக்கு என்று கேட்காமல் விட்டேன் பார், தென்காசி ரதவீதியில் அதைத் திருப்ப ஒரு மைதானம் வேண்டும், முன்சக்கரம் பூக்கடையில் நிற்கும்போது பின்சக்கரம் பஜ்ஜிக்கடையில் நிற்கிறது, வேகத்தடை ஒவ்வொன்றிலும் அதன் அடிவயிறு உரசுகிற சத்தம் தெருக்கோடி வரை கேட்கிறது. சரி, மனசு ஆறட்டும் என்று ஐந்தருவிக்குப் போய் எண்ணெய் தேய்த்துக்கொண்டேன். தேய்த்தவர் என்னை அப்பளம்போலப் புரட்டி எடுத்துவிட்டார். அருவியில் இறங்கப் போனால் தலைக்கு மேல் தலை. பழைய குற்றாலத்து அருவியில் கூட்டமில்லை என்று எவனோ சொல்ல, அந்த எண்ணெயோடேயே துண்டைக் கட்டிக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டேன். பழைய மொபெட்டில் காலமெல்லாம் இப்படிப் போனவன்தானே நான்? மொபெட்டில் கால் பலகையில் இருக்கும். இதில் கால் அந்தரத்தில் முன்னால் நீண்டு கிடக்கிறது. பிரேக்கை மிதித்தேன், பாதம் வழுக்கியது, அடுத்து சீட்டில் நானே வழுக்கினேன், வண்டி ஆற அமரப் போய் மூக்கம்மாளின் மங்குஸ்தான் கடையில் மூக்கை நுழைத்தது.

"ஏட்டய்யா, நீங்க வண்டி ஓட்டுதியளா, இல்ல கட்டில்ல படுத்துக்கெடந்து வாரியளா?" என்றாள். மொத்தக் கூட்டமும் சிரித்தது. சீசன் கூட்டத்தை லத்தியில்லாமல் அடக்கினவன், உருண்டோடும் பழத்துக்கு நடுவில் இரண்டு கையாலும் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன் மாப்ளே.

இருந்தும் பூனா ஆசை விடவில்லை. ஒரு ஒத்திகையாகச் செங்கோட்டை வழியே புனலூர் வரை போய்வரலாம் என்று ஒருநாள் காலையில் வண்டியை எடுத்தேன். உன் அக்கா தலைசீவி, பூ வைத்து, நல்ல சேலை கட்டி வாசலில் வந்து நின்றாள். கோயிலுக்குப் போகிறாள் போல என்று நினைத்து, "சாயங்காலம் வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். காலை நீட்டி உட்கார்ந்தால் குழியில் விழுகிற அடியெல்லாம் நேராக இடுப்புக்கு வருகிறது. ஆரியங்காவு வளைவு முடிவதற்குள் இடுப்பு என்னை விட்டுப் போய்விட்டது. ஒரு சாயாக்கடையில் இறங்கினேன், நிமிர முடியவில்லை. கடைக்காரர் ஓடிவந்து, "எந்தா சேட்டா, வயறு வேதனையோ?" என்று கேட்டார். கடைசியில் அன்னாசிப்பழம் ஏற்றிவந்த வேனில் வண்டியைக் கட்டி, பழத்தோடு பழமாக நானும் திரும்பி வந்தேன். செக்போஸ்டில் என்னிடம் வேலை பழகிய பயல்கள் சல்யூட் அடித்தார்கள். குனிந்தபடியே வாங்கிக்கொண்டேன்.

பேச்சிராஜ் மூணாறிலிருந்தும் தனுஷ்கோடியிலிருந்தும் போட்டோவாக அனுப்பித் தள்ளுகிறான். உன் அக்கா அதைப் பெரிசாக்கிப் பார்த்துவிட்டு, "பின் சீட்டுல பொட்டிதான் இருக்கு" என்கிறாள். பெட்டி இருப்பதுதானே டூரிங்குக்கு அழகு, இவளுக்கு என்ன தெரியும்! சிரிக்காமல் கேள் வேல்ராஜ். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை எனக்கென்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வாய்த்தது, அதையும் பூவிடம் விட்டுவிட்டேன். சாமி குத்தமென்று சொல்ல வாய் வரவில்லை, என் தலையெழுத்து என்று சொல்ல மனசு வரவில்லை.

ஆகவே என்னை எதிர்பார்க்க வேண்டாம். வாசலில் சொல்லிவைத்ததை ரத்துசெய்துவிடு. காலை நீட்டிக்கொண்டு வண்டி ஓட்ட ஆசைப்படும் புண்ணியவான் எவனாவது உன் பட்டாளத்தில் இருந்தால் சொல், வண்டியைக் கொடுத்துவிடுகிறேன்.

உன் வீட்டுக்காரிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசி. நீங்கள் எல்லோரும் நீண்ட ஆயுளும், அதைவிட முக்கியமாக நல்ல இடுப்பும் பெற்று வாழ வேண்டும்.

உன் அத்தான்,
இசக்கிராஜா

பின்குறிப்பு: உறையை ஒட்ட உன் அக்காவிடம் சோற்றுப்பருக்கை கேட்டேன். "நானே ஒட்டுதேன்" என்று வாங்கினவள் முழுசையும் வாசித்துவிட்டாள். இத்தனை வருஷம் போலீசில் இருந்தும் தடயத்தை நானே கொண்டுபோய்க் கையில் கொடுத்திருக்கிறேன். சண்டைக்கு வருவாள் என்று பார்த்தால், "முருகனை ஏன் வையுதிய? ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளப்பூ வச்சது நாந்தான்" என்றாள்.

"ஏட்டி, எதுக்கு இப்படிச் செஞ்ச?"

"கடையில அந்த ஒசரமான வண்டியில என்னால ஏற முடியல. ஒரு பிள்ள பிளாஸ்டிக் நாற்காலி கொண்டாந்து போட்டுச்சு. நீங்க அப்ப வண்டிக் கண்ணாடியில மீசையப் பாத்துக்கிட்டு நின்னிய. தாழ்வான வண்டியில நானே ஏறி உக்காந்தேன். பூனாவுக்கு நீங்க பைக்குல போவிய, நான் பின்னாலயே பஸ்ஸுலயா வருவேன்? சீசன் டூட்டிக்கு வாசல்ல நின்னு அனுப்பிவச்சது போதாதா? அன்னைக்குப் புனலூருக்கும் சேல கட்டிக்கிட்டு வந்து நின்னேன், கூப்பிட்டியளா?"

கேட்டாயா மாப்ளே? அவளும் எங்கேயும் போனதில்லை என்பது இந்த மரமண்டைக்கு இன்றைக்குத்தான் உறைக்கிறது. ஆகையால் மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். வண்டிக்கு ஆள் தேடாதே. இடுப்புக்கு ஒரு பெல்ட், முதுகுக்கு அவள் தைத்த இலவம்பஞ்சுத் தலையணை, இடுப்பு வலித்த ஊரில் ராத்தங்கல் என்று மெதுவாக வருகிறோம், இரண்டு பேரும். வாசலில் விசிலுக்கு ஆள் நிற்கட்டும்.

எல்லாம் பேசி முடித்தபிறகு ஒரு சந்தேகம் வந்தது. "நம்ம கல்யாணத்துக்குப் பொட்டலம் கட்டுனது யாருட்டி?" என்று கேட்டேன். "வாத்தியாருக்கு மீச கெடையாது" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.