வராத வாழ்த்துக்கு அரசரின் நன்றி

தூரின், டிசம்பர் 9

ரோமாபுரியில் கார்டினல் தர்சீனி ஆண்டகையின் செயலாளராக விளங்கும் மதிப்புக்குரிய மைத்துனர் உபால்தோ அவர்களுக்கு, அரண்மனைக் கடிதச்சாலையிலிருந்து ஜியாச்சிந்தோ வணங்கி எழுதுவது. நானும் உங்கள் தங்கை ஒத்தாவியாவும் இங்கே நலம் என்று எழுதுவதுதான் முறை. நலமில்லை.

கிறிஸ்துமஸுக்குக் கார்டினல்கள் வாழ்த்து எழுதுவதும், அரசர் ஒவ்வொருவரையும் "அன்புச் சகோதரரே" என்று விளித்து நன்றி எழுதுவதும் உங்களுக்குத் தெரியாததல்ல. அறுபது பேர். ஜனவரிக் குளிரில் மையும் உறைந்து விரலும் உறைந்து, பதினெட்டு வருடமாக நான்தான் எழுதுகிறேன். இந்த வருடம் பெரிய புத்திசாலி போல நவம்பரிலேயே அறுபதையும் எழுதி, வேட்டைக்குக் கிளம்பும் அவசரத்திலிருந்த அரசரிடம் கையெழுத்தும் வாங்கி, முத்திரையிட்டு அலமாரியில் அடுக்கினேன், வாழ்த்து வர வர அனுப்பலாம் என்று. நேற்று மாதா திருநாள், வெங்காயச் சூப் ஆறுகிறதே என்று வீட்டுக்கு ஓடினேன், அதற்குள் தபால்காரன் அத்தனையையும் பையில் போட்டுக்கொண்டு ரோமுக்குக் குதிரையேறிவிட்டான். ஒரு கார்டினலின் வாழ்த்துகூட இன்னும் வரவில்லை, ஐயா! "தங்கள் வாழ்த்து கண்டு உள்ளம் குளிர்ந்தோம்" என்று அறுபது நன்றி போகிறது. மற்றவர்கள் சிரித்துவிட்டு வாழ்த்து எழுதிவிடுவார்கள். உங்கள் கார்டினலோ, போன வருடம் சின்ன முத்திரை வைத்ததற்கே ஆறு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவர். வாழ்த்து எழுதாததை அரசர் குத்திக்காட்டுகிறார் என்று நேரே அரசருக்கே எழுதுவார். என் வேலையும் போகும், அரண்மனை கொடுத்த வீடும் போகும்.

உங்கள் தங்கை வேறு, "வேதத்துல வர்ற ஏசா ஒரு வாய்க் கூழுக்குத் தன் பிறப்புரிமைய வித்தான், நீங்க சூப்புக்கு வேலைய வித்துட்டு வந்து நிக்கிறீங்க. எங்கண்ணன் இப்படிச் செய்வாரா? நேரங்காலம் பாக்காம ஒரு வரி எழுதமாட்டாரு!" என்கிறாள்.

உண்மைதான். அந்த நேர்மையை நம்பித்தான் உங்கள் கையைக் காலாக நினைத்துக் கேட்கிறேன். அரசரின் கடிதம் வந்ததும் உங்கள் மேசையிலேயே அமுக்கிவிடுங்கள். கார்டினல் வாழ்த்து எழுதிய பிறகு எடுத்துக் கொடுங்கள்.

ஆண்டகையின் மோதிரத்தை எனக்காகவும் ஒருமுறை முத்தமிடுங்கள். தேவமாதா உங்களைக் காக்கட்டும், உங்கள் வழியாக என்னையும்.

தூக்கமில்லாத,
ஜியாச்சிந்தோ

பி.கு.: முத்திரை மெழுகை உருக்கும்போதே ரோமாபுரித் தபால் வந்தது. உங்கள் கார்டினலிடமிருந்து அரசருக்கு. வாழ்த்தாக்கும் என்று பிரித்தேன். "தாங்கள் அனுப்பிய நன்றிக் கடிதத்தைக் கண்ணீர் மல்கப் படித்தேன்" என்றிருக்கிறது. எழுதியது உங்கள் கை. அந்த நன்றிக் கடிதம் இன்னும் கால்வாசி வழிகூடப் போயிருக்காதே, மச்சான்! நீங்கள் எந்தச் சூப்புக்கு ஓடினீர்கள்? ஒத்தாவியாவிடம் இதைக் காட்டவில்லை. நீங்கள் என்னுடையதை அமுக்குங்கள், நான் உங்களுடையதை அமுக்குகிறேன்.